தூத்துக்குடியில் மூன்று பேர்

2004 டிசம்பர் 26 சுனாமியில் மாண்டவர்களைத் தமிழக அரசு மாவட்டவாரியாகக் கணக்கெடுத்தது. நாகப்பட்டினம் 6,065. கன்னியாகுமரி சுமார் 800. கடலூர் 600-க்கு மேல். தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் எண் 3.

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கடலை ஒட்டியே வீடு கட்டி வாழும் மாவட்டம் இது. பனிமய மாதா காத்தாள், செந்திலாண்டவன் காத்தான் என்று அவரவர் நம்பிக்கைப்படி சொல்கிறார்கள். அறிவியல் சொல்லும் காரணம் வேறு. அதைக் கேட்டபின் நிம்மதியாக நன்றி சொல்ல வாய் வராது.

அன்று காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு. தட்டுகளுக்கிடையே நெடுங்காலம் சேர்ந்திருந்த இறுக்கம் சில நிமிடங்களில் விடுபட்டு, கடல்தளத்தை உயர்த்தி, மேலிருந்த தண்ணீரையும் தூக்கிவிட்டது. நடுக்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. வேகமோ விமான வேகம். 9 மணி தாண்டியதும் சென்னையைத் தொட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைமானியில் அது பதிவானபோது மணி 10 ஆகப் போகிறது. பூமி அதிர்ந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், சென்னைக் கரையில் தண்ணீர் ஏறி முக்கால் மணிக்கு மேல். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை மையம் உண்டு. நமக்கு ஹைதராபாத்தில் அது வந்தது 2007-ல்தான்.

நிலநடுக்கத்தின் அளவை வைத்துச் சாவைக் கணிக்க முடியாது. 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0, செத்தவர்கள் லட்சத்துக்கு மேல். அடுத்த மாதமே சிலியில் 8.8, அங்கே சுமார் 500 பேர். ஹைட்டியில் வலுவில்லாத கட்டடங்கள் சரிந்து கொன்றன. சிலி அதிர்வைத் தாங்கும்படி கட்டப் பழகியிருந்தது. தூத்துக்குடியோ எதற்கும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆனாலும் பிழைத்தது.

ஏனென்றால் அலையின் வழியில் இலங்கை கிடந்தது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவுக் கரைகள் முதல் அடியை வாங்கின. தெற்கே பெரலியவில் ரயிலையே கடல் புரட்டியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் மொத்தம் 35,000-க்கும் அதிகம். தோணி ஏறிக் கொழும்புக்குப் பிழைக்கப் போய்வந்த கரை தூத்துக்குடி; அந்தத் தீவின் மறைவில்தான் இது தப்பியது.

மறைவு என்றாலும் முழு மறைவல்ல. தீவின் தெற்கு முனையை வளைத்துக்கொண்டு வந்த அலை குமரி மாவட்டத்தில் மணக்குடிப் பாலத்தை அடித்துப்போனது. மேற்குக் கரையில் இருக்கும் கொளச்சலைக்கூட விடவில்லை. மன்னார் வளைகுடாவுக்குள் அது அடங்கி வந்ததற்கு, ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளுமே காரணம் என்று பலர் எழுதிவிட்டார்கள். பங்கு உண்டு, ஆனால் முதல் மாலையை அவற்றுக்குப் போடுவது மிகை. தீவு வரிசைக்குத் தெற்கே, திறந்த கடலைப் பார்த்திருக்கும் மணப்பாடும் பெரியதாழையும் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் வருகின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் அந்த 3.

அந்தப் பாறைகளையும் நாம் விட்டுவைத்தோமா? முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு ஓய்ந்துவிட்டது. பவளப்பாறையிலிருந்து முருகைக்கல் எடுப்பது அப்போதும் ஓயவில்லை. பல பத்தாண்டுகள் வள்ளம் வள்ளமாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றினார்கள். விலங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. நகரத்துக்கு எதிரே இருக்கும் வான் தீவு தேய்ந்து தேய்ந்து துண்டாகிவிட்டது. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-ல். சட்டம் வந்தும் திருட்டுத்தனமாக எடுத்தார்கள். அது அடியோடு நின்றது சுனாமிக்குப் பிறகுதான். 2015 முதல் வான் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள், அரசுப் பணத்தில்.