இறக்குக்கூலி யார் தலையில்?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளம் தொடங்கிவிடுகிறது. பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் வரிசையாக வரும். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. நேசமணி அவர்களின் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நிற்கவில்லை. காய்கறியும் வாழைக்குலையும் கட்டுமானப் பொருளும் போவதும் நிற்கவில்லை. நம்மவர்களில் பலருக்கு எல்லையின் இருபுறமும் வீடும் உறவும் உண்டு. அந்தப் பகுதியில் வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணக்கில் எழுதாத ஒரு செலவைப் பற்றிச் சொல்வார்கள். அதுதான் இறக்குக்கூலி.

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு லோடு டைல்ஸோ கிரானைட்டோ புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குமிடத்தில் அந்தப் பகுதிக்குரிய சுமட்டுத் தொழிலாளர்கள் வந்து நிற்பார்கள். விற்றவரிடம் போன் போட்டால், "லாரியில் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது" என்பார். வாங்கியவரோ, "வாசல்வரை கொண்டுவந்து தருவதாகத்தானே விலை பேசினோம்?" என்பார். நடுவில் அகப்பட்டுக்கொள்பவர் டிரைவர். சரக்கு அவருடையதல்ல, விலை பேசியதும் அவரல்ல. ஆனால் வண்டி காலியானால்தான் அவருக்கு அடுத்த லோடு கிடைக்கும். காத்திருக்க முடியாதவன்தான் முதலில் பணத்தை எடுப்பான். பேட்டாவில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

வேலை செய்து வாங்கும் கூலியென்றால் பேரம் பேசி முடித்துவிடலாம். வேலையே செய்யாமல் கேட்கும் கூலிக்குக் கேரளத்தில் 'நோக்குகூலி' என்று பெயர். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கூலி! டிப்பர் தானே கொட்டிவிடும், கிரேன் தானே இறக்கிவிடும். இருந்தாலும் "எங்கள் வேலை போயிற்றே, அதற்கு ஈடு கொடு" என்ற வாதத்தில் முளைத்தது இது. 2018இல் திருவனந்தபுரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மலையாளத் திரைப்பட நடிகரிடம், கல்லை இறக்காமலேயே 25,000 ரூபாய் வாங்கிச் சென்றார்கள். செய்தி வெளியான பிறகு பணம் திரும்பி வந்தது. அந்த ஆண்டு மே 1 முதல் அரசு நோக்குகூலிக்குத் தடை விதித்தது. ஆயினும் 2021 செப்டம்பரில் தும்பா விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றிவந்த லாரியையே மறித்துப் பத்து இலட்சம் கேட்டதாகச் செய்தி வந்தது. ராக்கெட் விடுகிறவர்களுக்கே இந்த நிலை! கேரள உயர்நீதிமன்றம் அதன்பின் இதைக் கடுமையாகக் கண்டித்தது; மிரட்டிப் பணம் பறித்த குற்றமாக வழக்குப் பதியவேண்டும் என்றது. 2025 மார்ச்சில் மாநிலங்களவையில்கூட இந்தப் பேச்சு எழுந்தது. கேரள அரசுத் தரப்போ, அது பழைய கதை என்றது.

இதை வைத்துச் சுமை தூக்குகிறவர்களையே திட்டித் தீர்ப்பது நியாயமாகாது. 75 கிலோ மூட்டையைத் தலையில் வைத்துப் பலகைமேல் ஏறியவர்களின் கழுத்தும் முதுகும் என்ன ஆயிருக்கும்? அந்த உச்சவரம்பு 55 கிலோவாகக் குறைக்கப்பட்டதே அண்மைக் காலத்தில்தான். கேரளத்தின் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகே அவர்களுக்குப் பதிவு, நிர்ணயித்த கூலி, சேமநிதி எல்லாம் கிடைத்தன. மராட்டியம் 1969இலேயே மாத்தாடித் தொழிலாளருக்குச் சட்டம் செய்தது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. செய்த வேலைக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். அதை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இந்தச் சட்டங்களின் போக்கைப் பார்த்தால், கூலி கொடுக்கவேண்டியவர் சுமைத் தொழிலாளியை வேலைக்கு அமர்த்துகிற முதலாளி, அதாவது சரக்கை ஏற்றவோ இறக்கவோ வைக்கிற நிறுவனம். வண்டி ஓட்டி வந்தவர் யாரையும் அமர்த்தவில்லை. வட இந்திய லாரிக்காரர்கள் இதையே 'ஜிஸ்கா மால், உஸ்கா ஹமால்' என்று கோஷமாக்கினார்கள்: யாருடைய சரக்கோ, அவருடைய சுமைக்கூலி. அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்ததுதான். அங்கே 1980ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் இதற்கு வழி சொன்னது. லாரிக்காரர் இறக்குவதற்கு ஆள் வைத்தே தீரவேண்டும் என்று சரக்கு அனுப்புபவரோ பெறுபவரோ சொன்னால், அந்த ஆளை அவரே தரவேண்டும். இல்லையேல் லாரிக்காரர் செலவழித்ததைத் திருப்பித் தரவேண்டும். அனுப்புபவரா, பெறுபவரா என்பதை அவர்கள் இருவரும் விலை பேசும்போதே முடித்துக்கொள்ளலாம். டிரைவர் அந்தக் கணக்கில் வரவே கூடாது.

ஊரில் வீடு கட்டும் நம் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. வீட்டுத் தேவைக்குத் தனிநபர் அமர்த்தும் ஆளை அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் சுமட்டுத் தொழிலாளி என்ற வரையறையில் சேர்க்கவில்லை. ஆகவே சொந்த வீட்டுக்கு வரும் சாமானை நம் ஆட்களைக் கொண்டே இறக்குவதற்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்காது. யூனியன் ஆட்களைக் கூப்பிட்டால், அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த கூலிப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்; கொடுத்த பணத்துக்கு ரசீதும் வாங்குங்கள். தகராறு வந்தால் உதவித் தொழிலாளர் அலுவலரிடம் போகலாம், மிரட்டல் என்றால் போலீசுக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கடையில் விலை பேசும்போதே "இறக்குக்கூலி யாருடையது" என்று கேட்டு, பில்லிலும் லாரி ரசீதிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். துபாயிலோ மும்பையிலோ இருந்துகொண்டு போனில் லோடு சொல்பவர்கள், சாமான் இறங்கும்போது பக்கத்தில் நிற்கும் மச்சானுக்கோ சித்தப்பாவுக்கோ அந்த ரசீதின் நகலை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.