பூட்டிய சில்லுக்குள் என்ன இருக்கிறது?

திருத்தணி மலைக்குப் படியேறிச் சென்றவர்களுக்குத் தெரியும்: ஆண்டின் நாட்களுக்கு ஈடாக அங்கே 365 படிகள். ஆங்கில ஆண்டின் கடைசி நாள் இரவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து பாடிக்கொண்டே ஏறுவது இங்குள்ள வழக்கம். இதைவிட மிகப் பெரிய ஒரு மலையை இப்போது கற்பனை செய்துகொள்வோம். அதற்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 படிகள். ஒவ்வொரு படியிலும் ஓர் எண் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் 0 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம்.

நாம் பயன்படுத்தும் சாதாரண மேசைக் கணிப்பொறியின் நுண்செயலிக்கு, கண் விழிக்கும்போது தெரியும் உலகம் இந்த மலைதான். மின்சாரம் வந்தவுடன் அது அடிவாரத்தில் இருந்து ஏறத் தொடங்குவதில்லை. உச்சிக்கு இன்னும் 16 படிகள் இருக்கும் இடத்தில் போய் நிற்கும். அங்கே எழுதியிருக்கும் எண்களைக் கட்டளையாகப் படித்து, அது சொல்லும் இடத்துக்குத் தாவும். அந்த 16 படிகளில் ஒழுங்கான கட்டளை இல்லையென்றால் கணிப்பொறி விழிக்காது. மின்விசிறி சுழலும், திரை இருண்டே கிடக்கும்.

எங்கள் ஆய்வுக்கூடக் கணிப்பொறி ஒன்றுக்கு நேர்ந்தது இதுவே. அதன் தொடக்க நிரலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மீண்டும் மின்சாரம் வந்தபோது அந்தக் கணிப்பொறி விழிக்கவில்லை. பழுது பார்ப்பவர், "போர்டு போயிற்று சார், மாற்றிவிடுங்கள்" என்று கூறிவிட்டார். இரண்டு மாணவருக்கு ஒரு கணிப்பொறி என்ற கணக்கில் செய்முறை வகுப்பு நடத்தும் இடத்தில் ஒன்று குறைவது சிறிய இழப்பன்று. ஆனால், உண்மையில் போனது பலகையா, அல்லது அதில் எழுதியிருந்த எழுத்து மட்டுமா? இதைக் கண்டறியும் வழிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

நிலைப்பொருள் என்பது யாது?

கையால் தொடக்கூடியது வன்பொருள். நாம் விரும்பியபடி ஏற்றி இறக்குவது மென்பொருள். இவ்விரண்டுக்கும் இடையில், சாதனத்தின் சில்லு ஒன்றிலேயே குடியிருக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஆப்ளர் என்பவர் பெயர் சூட்டினார். தமிழில் அதை நிலைப்பொருள் என்கிறோம். கணிப்பொறியில் மட்டுமன்றி, வீட்டிலுள்ள இணைய மோடம், தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், மின்னணு எடைத்தராசு ஆகியவற்றிலும் இது உண்டு.

மேசைக் கணிப்பொறியின் பலகையில் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறிய கருப்புச் சில்லில் நிலைப்பொருள் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் எழுதியதை மறவாத ஃபிளாஷ் நினைவகம் அது. இதில் ஒரு விந்தை உண்டு. ஃபிளாஷை அழித்தால் ஒவ்வொரு பிட்டும் 1 ஆகிவிடும். அதாவது ஒவ்வொரு பைட்டும் 255 ஆகிவிடும். எழுதுவது என்பது தேவையான இடங்களில் 1ஐ 0 ஆக்குவதே. ஆகவே புதிதாக எழுதுமுன் பழையதை அழித்தாக வேண்டும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் மின்சாரம் நின்றால் ஆபத்து என்பதன் காரணம் இதுதான்.

விபத்தால் மட்டுமன்றித் தீய எண்ணத்தாலும் இது நேரலாம். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய சி.ஐ.எச். என்ற நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்து, பல நாடுகளில் கணிப்பொறிகளின் தொடக்க நிரலையே கெடுத்தது. அது செர்னோபில் விபத்தின் ஆண்டு நாள். ஆதலால் அந்த நச்சுநிரலுக்குச் செர்னோபில் என்ற பெயரும் ஏற்பட்டது.

சில்லோடு உரையாடுதல்

இச்சில்லைப் படிக்க மலிவான ஒரு கருவி போதும். ஒரு முனை கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் செருகப்படும். மறுமுனையில் உள்ள கிளிப், சில்லின் எட்டுக் கால்களையும் கவ்விக்கொள்ளும். பழுதான கணிப்பொறியின் மின்கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். சில்லு 3.3 வோல்ட் வகையா, 1.8 வோல்ட் வகையா என்பதை அதன் எண்ணைக் கொண்டு அறிந்துகொண்ட பிறகே கிளிப்பை மாட்ட வேண்டும். மாறிப் போனால் சில்லே கருகிவிடலாம்.

உரையாடல் மிக எளிமையானது. 159 என்ற எண்ணை அனுப்பினால் சில்லு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். எங்கள் சில்லு 239, 64, 23 என்று விடையளித்தது. 239 என்பது வின்பாண்ட் என்ற தயாரிப்பாளரின் அடையாளம். 64 சில்லின் வகை. 23 அதன் கொள்ளளவு. 2இன் 23ஆம் அடுக்கைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 83,88,608. அத்தனை பைட்டுகள் அதில் அடங்கும். அடுத்து 3 என்ற எண்ணையும் ஒரு முகவரியையும் அனுப்பினால், அந்தப் படியில் இருந்து வரிசையாக எண்களை ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

இந்த உரையாடலை நமக்காக நடத்தும் இலவச மென்பொருள் ஃபிளாஷ்ராம். அது எல்லா எண்களையும் ஒரே கோப்பாகத் தருகிறது. இக்கோப்புக்கு நிலைப்பொருளின் பிம்பம் என்று பெயர்.

இங்கே இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் விதியை மறக்கலாகாது: ஒரே ஒரு அளவீட்டை நம்பாதே! நாங்கள் இருமுறை படித்தோம். ஷா-256 என்ற கணக்கு எந்தக் கோப்பையும் 256 பிட் நீளமுள்ள ஒரு கைரேகையாகச் சுருக்கிவிடும். ஒரு பிட் மாறினாலும் ரேகை அடியோடு மாறிவிடும். எங்கள் இரு கோப்புகளின் ரேகைகளும் ஒத்துப்போகவில்லை. கிளிப் சரியாக உட்காராததே காரணம். கால்களைத் துடைத்து மீண்டும் மாட்டியபின், அடுத்தடுத்த மூன்று வாசிப்புகளும் ஒன்றாக இருந்தன. அதன் பிறகே அந்தக் கோப்பை நம்பினோம்.

எண் குவியலில் பொருள் காணுதல்

83 லட்சம் எண்களைக் கண்ணால் பார்த்து யாரும் பொருள் காண முடியாது. இங்கே உதவுவது, கிரேக் ஹெஃப்னர் 2010இல் வெளியிட்ட பின்வாக் போன்ற மென்பொருள்கள். இவை கையாளும் முதல் உத்தி அடையாளம் தேடுவது. பலவகைக் கோப்புகள் ஒரு குறிப்பிட்ட முத்திரையோடு தொடங்குகின்றன. ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டது 31, 139 என்ற எண்களோடு தொடங்கும். மோடம்களில் அடிக்கடி காணப்படும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்புத் தொகுதி, பெரும்பாலும் எச், எஸ், க்யூ, எஸ் என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். எண்களை முதலில் இருந்து கடைசி வரை சலித்து, எந்தெந்த இடத்தில் என்ன முத்திரை இருக்கிறது என்று பட்டியலிட்டு, அப்பகுதிகளை வெட்டியெடுத்து விரித்தும் தருகிறது பின்வாக்.

இரண்டாவது உத்தி இயற்பியல் மாணவருக்கு மகிழ்ச்சி தருவது. வெப்ப இயக்கவியலில் வழங்கிவந்த என்ட்ரோப்பியை, செய்தியியலுக்கு 1948இல் கொண்டுவந்தார் கிளாட் ஷானன். ஒரு பகுதியில் உள்ள எண்கள் எவ்வளவு ஒழுங்கின்றிக் கலைந்திருக்கின்றன என்பதை, ஒரு பைட்டுக்கு 0 முதல் 8 பிட் வரை அது அளந்து சொல்லும். எல்லாம் 255 என்றால் என்ட்ரோப்பி 0. ஆங்கில உரைநடை ஏறக்குறைய 4 முதல் 5. இயந்திரக் கட்டளைகள் அதைவிட மேலே. சுருக்கப்பட்டதும் மறையாக்கம் செய்யப்பட்டதும் 8ஐ ஒட்டி நிற்கும். இதை வரைபடமாக வரைந்தால், சில்லின் எந்தப் பகுதி வெறுமை, எது நிரல், எது பூட்டியது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

எங்கள் வரைபடம் உண்மையைச் சொல்லிவிட்டது. தொடக்க நிரல் இருக்கவேண்டிய பகுதியின் மேற்பாதியில் கோடு 0இல் தட்டையாகக் கிடந்தது. கடைசி 16 பைட்டுகளைப் பார்த்தோம், எல்லாம் 255. அழித்துவிட்டுக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டு போன வேலை பாதியில் நின்றிருக்கிறது. நுண்செயலி வந்து நிற்கும் படியில் எழுத்தே இல்லை!

பின்கதவு

பிம்பத்தைப் பிரித்துப் பார்ப்பது பழுது பார்ப்பதற்கு மட்டும் அன்று. 2013 அக்டோபரில் அதே ஹெஃப்னர், டி-லிங்க் நிறுவனத்தின் ஒரு பழைய திசைவியின் நிலைப்பொருளைப் பின்வாக் கொண்டு பிரித்தார். அதற்குள் விசித்திரமான ஓர் எழுத்துத் தொடர் இருந்தது. உலாவி தன் பெயர் இதுவென்று அத்தொடரைச் சொன்னால், கடவுச்சொல் கேளாமலே திசைவி உள்ளே விட்டுவிடும். அத்தொடரைப் பின்னிருந்து முன்னாகப் படித்தபோது 'பேக்டோர்', அதாவது பின்கதவு என்ற சொல் அதில் இருந்தது. செய்தி வெளியான பிறகு நிறுவனம் திருத்தப்பட்ட நிலைப்பொருளை வெளியிட்டது. ஒருவர் திறந்து பார்த்திராவிட்டால், அத்தனை வீடுகளிலும் அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கும்.

நம் நாட்டிலும் 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பெருமளவில் நச்சுநிரலுக்கு இரையாகி இணைப்பை இழந்தன. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த மோடம்களே அதற்கு இலக்காயின.

படிக்கவே முடியாத சில்லு

எல்லாச் சில்லுகளும் கேட்டவுடன் ஒப்பிப்பதில்லை. இதற்கு நாம் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இவ்வகை இயந்திரம் பயன்பட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதை உருவாக்கும் பணியில் முன்நின்றவர், தமிழ் வாசகர்கள் எழுத்தாளர் சுஜாதா என்று அறிந்த எஸ். ரங்கராஜன்.

இந்த இயந்திரத்தின் நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் மாற்ற இயலாது என்பது அதன் முக்கியப் பாதுகாப்பு. 2010இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைப் பெற்று ஆராய்ந்தனர். நிரலை அவர்களால் வெளியே படித்தெடுக்க முடியவில்லை. ஆனால் வாக்குகள் சேமிக்கப்படும் நினைவுச் சில்லு தனியாக இருந்தது. அதன் மேல் ஒரு கிளிப்பைக் கவ்வவைத்து எண்ணிக்கையை மாற்ற முடியும் என்று செய்து காட்டினர். காட்சிப் பலகையை மாற்றிவைக்கும் முறையையும் காட்டினர். முத்திரையும் காவலும் உள்ள இயந்திரத்தை இவ்வாறு திறக்க வாய்ப்பில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விடை. இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வியின் பேரில் அவ்வாண்டு ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டுப் பின்னர்ப் பிணையில் வந்தார்.

இருதரப்பு வாதங்களையும் ஒதுக்கிவைத்து, அறிவியல் கேள்வியை மட்டும் எண்ணிப் பார்ப்போம். எவராலும் மாற்ற முடியாதபடி பூட்டிய சில்லு, எவராலும் சரிபார்க்க முடியாத சில்லும் ஆகிவிடுகிறது. அப்படியானால் நம்பிக்கைக்கு வேறொரு சான்று தேவை. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்ட ஒப்புகைச் சீட்டு அத்தகைய சான்றே. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம், காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும் 2ஆம், 3ஆம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் நிரல் சில்லுகளைத் தயாரிப்பாளரின் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. சில்லுக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தை விட்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மீண்டெழுந்த கணிப்பொறி

எங்கள் கணிப்பொறிக்குத் திரும்புவோம். பலகையைத் தயாரித்த நிறுவனமே தன் இணையதளத்தில் நிலைப்பொருளை வைத்திருந்தது. ஆனால் அந்தக் கோப்பு, சில்லின் கொள்ளளவைவிட 2,048 பைட் பெரிதாக இருந்தது! யுஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் திறந்தபோது காரணம் விளங்கியது. முதல் 2,048 பைட்டுகள் வெறும் உறை. கடிதத்தின் மேலுறை போன்றது. அப்படியே எழுதியிருந்தால் எல்லாமே 2,048 படிகள் நகர்ந்து போயிருக்கும்.

உறையை நீக்கிய பின்னும் முழுவதையும் எழுதவில்லை. இச்சில்லு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றில் அந்தக் கணிப்பொறிக்கே உரிய வலையட்டை எண் கெடாமல் இருந்தது. ஆகவே கெட்டுப்போன தொடக்க நிரல் பகுதியை மட்டும் எழுதுமாறு ஃபிளாஷ்ராமுக்குக் கட்டளையிட்டோம். பிறகு மீண்டும் படித்து ஒப்பிட்டோம். மின்கம்பியைச் செருகியதும் திரையில் எழுத்து வந்தது. போனது பலகை அன்று, எழுத்து மட்டுமே.

நீங்களும் முயலலாம்

இதைக் கற்கச் சில்லும் கிளிப்பும் உடனே வேண்டுவதில்லை. உங்கள் வீட்டு மோடத்தின் நிலைப்பொருளை அதன் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்து இறக்கிக்கொண்டு, பின்வாக்கில் திறந்து, என்ட்ரோப்பி வரைபடத்தை வரைந்து பாருங்கள். கட்டளைகளையே படிக்க விரும்பினால், அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019இல் இலவசமாக வெளியிட்ட கீட்ரா இருக்கிறது. முறையாகப் பெற்ற ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்து, ஆராய்ந்து, சோதித்து அறிய, நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. பிறருடைய கருவிக்குள் அனுமதியின்றி நுழைவது வேறு, அது குற்றம். குறை ஏதேனும் கண்டால் முதலில் தயாரிப்பாளருக்குத் தெரிவிப்பதே முறை.

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். எழுதுவதற்கு முன் படியுங்கள். படித்ததை இருமுறை ஒப்பிடுங்கள். பழைய பிம்பத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது ஒவ்வொரு கணிப்பொறியின் பிம்பமும், அதன் கைரேகையோடு ஒரு குறுவட்டில் இருக்கிறது. புதுப்பிக்கும் நாளில் மின்கல வசதியையும் இணைத்துவிடுகிறோம்.