ரெண்டு மார்க் கேள்வியும் ஒரு மரத்தின் தாகமும்!

‘ஒரே அணு எண்ணும் வெவ்வேறு நிறை எண்ணும் கொண்டவை ஐசோடோப்புகள்...’ ரெண்டு மார்க்குக்காக உருப்போட்டு, எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததுமே மறந்துபோன சமாச்சாரம்தானே? அதை வைத்து ஒரு மரத்தோட தாகத்தையே அளக்கலாம்!

தண்ணீரில் இருக்கிற ஆக்ஸிஜன் பெரும்பாலும் ஆக்ஸிஜன்-16. சுமார் 500-ல் ஒன்று மட்டும் கனமான ஆக்ஸிஜன்-18. பெல் அடிச்சதும் ஒரே ஒரு நோட்டோட வந்தவன் முதல்ல ஓடிடுவான். பை நிறைய புத்தகம் சுமக்கிறவன் மெதுவாத்தான் கிளம்புவான், இல்லையா? இலையிலும் அதே கதைதான். லேசான தண்ணீர் முதலில் ஆவியாகிவிடும். கனமானது உள்ளேயே சேரும். காற்று வறள வறள, இலையில் ஆக்ஸிஜன்-18 ஏறும்.

இதைப் பார்க்கச் சரியான இடம் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ. மே, ஜூனில் காற்று அனலாய்க் கொதிக்கும், ஜூலையில்தான் பருவமழை. அங்கே பக்கத்துப் பக்கத்தில் வளரும் ரெண்டு ஊசியிலை மரங்கள், பின்யான் பைனும் ஜூனிப்பரும். மண் காய ஆரம்பித்ததுமே பின்யான் உஷாராகி இலைத்துளைகளை மூடிவிடும். தண்ணீர் மிச்சம்தான். ஆனா, கார்பன் டை ஆக்ஸைடும் உள்ளே வராதே... சமையல் பந்த்! ஜூனிப்பரோ ‘பார்த்துக்கலாம்’ என்று ரொம்ப நாள் திறந்தே வைத்திருக்கும்.

2002-ல் கடும் வறட்சி, கூடவே வெயில். லாஸ் அலமாஸ் அருகே விஞ்ஞானிகள் கவனித்துவந்த ஓர் இடத்தில், 2003-க்குள் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட பின்யான்கள் காலி! தளர்ந்த மரங்களைப் பட்டை வண்டுகள் முடித்துவைத்தன. ஜூனிப்பர்களில் பெரும்பாலானவை தப்பித்தன.

இப்படிப்பட்ட மரங்கள் என்ன பாடுபடுகின்றன என்று அவற்றிடமே கேட்க முடியுமா? முடியும். கிளையையும் இலையையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, உள்ளிருக்கும் தண்ணீரைப் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொடுக்கிறார்கள். எந்த மழையைக் குடித்தது என்பதைக் கிளைத் தண்ணீர் சொல்லும். காற்று எப்படி உறிஞ்சியது என்பதை இலைத் தண்ணீர் சொல்லும்.

இலைத் தண்ணீர் தினம் தினம் மாறிடும். ஆனா, அதில் உருவான சர்க்கரை செல்லுலோஸாகி, மர வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நூறு வருஷத்துக்கு முந்தைய கோடையையும் இன்றைக்குப் படிக்க முடிகிறது.

பூமி சூடாகச் சூடாக, காற்றோட தாகமும் கூடுது. அதே அளவு மழை பெய்தாலும் மரத்துக்குப் பத்தாமல் போகலாம். அதை வாய்விட்டுச் சொல்ல மரத்தால் முடியாது. ஆக்ஸிஜன்-18 சொல்லும்... நமக்குப் படிக்கத் தெரிந்தால்!