கிள்ளான் ஆறு சொல்லும் கதை

சம்பளம் போட்ட மறுநாள் கிள்ளானுக்குப் பஸ் ஏறாத குடும்பம் அந்தக் காலத்தில் இந்த வட்டாரத் தோட்டங்களில் உண்டா? தீபாவளிச் சேலையா, வெற்றிலை பாக்கா, பிள்ளைக்குச் சிலேட்டா, எல்லாத்துக்கும் கிள்ளான்தான். பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவோம். கோலாலம்பூருக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும், கிள்ளான் தலைநகரத்தின் வால் அல்ல, அதற்கு அண்ணன்.

1857-ல் ஈயம் தோண்டப் புறப்பட்ட 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில்தான் படகேறி மேலே போனார்கள். அந்தப் பயணத்தில் முளைத்ததுதான் கோலாலம்பூர். 1880-ல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் அங்கே மாறிப்போனது. தம்பி பெரிய ஆளாகிவிட்டான். அண்ணன் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டான்.

ஆனாலும் கிள்ளான் ஓய்ந்துவிடவில்லை. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து எதிர்க்கரை வரை ரயில் வந்தது. 1890-ல் பாலம் போட்டு ஊருக்குள்ளேயே நுழைந்தது. 1901-ல் ஆற்றின் வாயில் புதிய துறைமுகம் திறந்தார்கள். திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத் தண்ணீரை வடியவைத்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. அந்தத் துறைமுகத்துக்கு 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது.

ரப்பர் வந்தது. காட்டை அழித்தோம், கன்று நட்டோம், பால் வெட்டினோம். நாம் வெட்டிய பால்தான் ரப்பராகிக் கப்பல் ஏறியது. ஊர் செழித்தது, நம் லயத்து அடுப்பு மட்டும் புகைந்துகொண்டே இருந்தது.

அந்தப் புகைச்சல் 1941-ல் தீயானது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம்! இவைதான் கோரிக்கைகள். முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது, நம்மவர்கள் உயிரைவிட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்கு ஒரு போராட்டம்! இன்று மோட்டார் சைக்கிளில் பறக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?

2024 பிப்ரவரி 5-ல் கிள்ளான் மாநகர் என்ற தகுதியைப் பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. வேலை போனதோடு, வேலையை நம்பியிருந்த லயத்து வீடும் போயிற்று. மாநகரத்தை வளர்த்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு அங்கே சொந்தமாக ஒரு வாசற்படி இருக்கிறது?

அதனால்தான் சொல்கிறோம். அடுத்த தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போகும்போது, துணிக்கடையோடு திரும்பிவிடாதீர்கள். பாலத்தோரம் கொஞ்சம் நில்லுங்கள். ஆற்றைக் காட்டுங்கள். “இந்த ஊரில் உன் பாட்டன் வியர்வையும் இருக்கிறது, படித்து இங்கே ஒரு வீடு வாங்கு” என்று சொல்லுங்கள். சொல்லாமல் போனால் ஆறுகூட நம்மை மறந்துவிடும்.