கணக்குக்குப் பின்னால் – 9: கங்கைகொண்டான் ரூபாயும் மிச்சிகன் டாலரும்

திருநெல்வேலியிலிருந்து மதுரை சாலையில் தாழையூத்தைத் தாண்டினால் கங்கைகொண்டான். சிற்றாற்றங்கரை ஊர். புள்ளிமான் சரணாலயம் ஒரு பக்கம், சிப்காட் ஆலைகள் ஒரு பக்கம். எல்காட்டின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் இங்கேதான். அதற்குள் வளாகம் கட்டி வந்த சின்டெல் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராய் நகரில் இருந்தது. 1980இல் பரத் தேசாயும் நீரஜா சேத்தியும் தொடங்கிய நிறுவனம் அது. 1997இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டேட் ஸ்ட்ரீட் போன்ற பெரிய இடங்களுக்கு மென்பொருள் எழுதித் தருவதும், அவர்களுடைய அலுவலக வேலைகளை இங்கிருந்தபடி முடித்துக் கொடுப்பதும் தொழில்.

அமெரிக்கச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்பதால் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளுக்கும் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்திடம் 10-க்யூ என்ற படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பெரிய நிறுவனமென்றால் காலாண்டு முடிந்து 40 நாள் கெடு. நம் பங்குச் சந்தை வாரியமான செபி, பட்டியலிட்ட நிறுவனங்களுக்குத் தருவது 45 நாள். இரண்டு நாட்டிலும் காலாண்டுக் கணக்கு முழுத் தணிக்கைக்கு உட்படுவதில்லை. தணிக்கையாளர் ஒரு மேலோட்டமான மீளாய்வோடு நிறுத்திக்கொள்வார். ஆகவே இந்தக் கணக்கில் நிர்வாகத்தின் மதிப்பீடுகளுக்கு ஆண்டுக் கணக்கைவிட அதிக இடம் உண்டு. அவை தெரியவேண்டுமானால் லாப எண்ணைத் தாண்டி, பின்னால் பொடி எழுத்தில் வரும் கணக்குக் கொள்கைக் குறிப்புகளுக்குப் போகவேண்டும். பெரும்பாலோர் போவதில்லை, பங்குத் தரகர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் குறிப்பு வருமானம் பற்றியது. மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் வேலை என்றால் சிக்கல் இல்லை, உழைத்த மணிக்குக் காசு. மொத்தத் தொகை பேசி எடுத்த வேலையில்தான் பிரச்சினை. ஒன்பது மாத வேலை செப்டம்பர் 30இல் பாதியில் நிற்கிறது, பில் இன்னும் போடவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் கார் அறுக்கும் விவசாயி களத்தில் அளந்த நெல்லைத்தான் வரவு வைப்பார். வயலில் நிற்கும் பயிரை வைக்கமாட்டார். சேவை நிறுவனம் நிற்கிற பயிரையும் வரவு வைக்கும். மொத்த உழைப்பில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று மதிப்பிட்டு, அந்த அளவுக்கு வருமானம் எழுதிவிட்டு, பில் போடாத தொகையைச் சொத்துப் பக்கத்தில் தனி வரியாகக் காட்டும். இது முறையான கணக்குத்தான். ஆனால் மீதி வேலைக்கு எத்தனை ஆள்-மணி பிடிக்கும் என்பது ஒரு மேலாளரின் ஊகம். பில் போடாத வருமானம் விற்பனையைவிட வேகமாக வளர்ந்தால் அந்த ஊகத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது நாணயம். இந்தியத் துணை நிறுவனங்களின் கணக்கு ரூபாயில் எழுதப்பட்டது, தாய் நிறுவனம் அதை டாலருக்கு மாற்றியது. லாப நஷ்டக் கணக்குக்குக் காலாண்டின் சராசரி விலை, இருப்புநிலைக் குறிப்புக்குக் கடைசி நாள் விலை. 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். 54 விலையில் அவர் கம்பெனிக்கு 555 டாலர் செலவு. 68 விலையில் 441. அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, டிராயில் லாபம் ஏறிவிட்டது. அதே சமயம் இந்திய வங்கியில் 540 கோடி ரூபாய் வைப்புத்தொகை இருந்தால், 10 கோடி டாலராக இருந்த அதன் மதிப்பு 8 கோடிக்குக் கீழே இறங்குகிறது. இந்த இழப்பு காலாண்டு லாபத்தைத் தொடுவதே இல்லை. பங்குதாரர் மூலதனப் பகுதியில் ஒரு தனிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரூபாய் விழுந்ததன் நல்லது முதல் பக்கத்திலும் கெட்டது உள்ளே ஒரு மூலையிலும் இருக்கிறது. சட்டப்படி இரண்டும் சரி. ஆனால் செய்தித்தாளில் வருவது முதல் பக்கம் மட்டும்தான்.

இனி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறேன்: வரிக் குறிப்பு.

சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தொடங்கும் அலகுக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 10ஏஏ பிரிவு சலுகை தந்தது. முதல் ஐந்து ஆண்டு ஏற்றுமதி லாபத்துக்கு முழு விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி விலக்கு, லாபத்தை மறுமுதலீடு செய்தால் இன்னும் ஐந்தாண்டு பாதி. சென்னை சிறுசேரியானாலும் கங்கைகொண்டானானாலும் இதுதான் கணக்கு. ஆனால் அமெரிக்காவில் அப்போது கம்பெனி வரி 35 சதவீதம். வெளிநாட்டு லாபத்தை ஊருக்குக் கொண்டுபோனால், இந்தியாவில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அங்கே கட்டவேண்டும். இங்கே சலுகையால் குறைவாகக் கட்டியிருந்தால் அங்கே கட்டவேண்டிய மீதி அதிகம். அதனால் லாபம் ஊருக்குப் போகாமல் இந்தியாவிலேயே வங்கி வைப்புகளாகவும் பரஸ்பர நிதிகளாகவும் குவிந்தது. இங்கே கிடைத்த வரிச்சலுகையே பணத்தை இங்கே பூட்டியும் வைத்தது.

பூட்டி வைத்தாலும் அந்த வரியைக் கணக்கில் கடனாகக் காட்டவேண்டாமா? அமெரிக்கக் கணக்கு விதி, துணை நிறுவன லாபம் என்றாவது தாய் நிறுவனத்துக்கு வந்துதான் சேரும் என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. அப்படியானால் வரியை இன்றே ஒதுக்கவேண்டும். ஆனால் 1972 முதல் அதில் ஒரு கதவு உண்டு. காலவரையறையின்றி வெளிநாட்டிலேயே மறுமுதலீடு செய்யப்போகிறோம் என்று நிர்வாகம் திட்டத்தோடு காட்டினால் ஒதுக்கத் தேவையில்லை. புனே, சென்னை, நெல்லை என்று எழும்பும் கட்டடங்கள் அப்படியான திட்டத்துக்கு நல்ல சாட்சி. சின்டெல் ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கதவு வழியாகவே போனது. திருப்பி எடுத்தால் வரி எவ்வளவு வரும் என்ற மதிப்பீட்டைக் குறிப்பில் எழுதியது. லாப நஷ்டக் கணக்கில் எழுதவில்லை. நிர்வாகத்தின் எண்ணத்தையே கணக்குக் கொள்கை என்று ஏற்றுக்கொள்ளும் இடம் இதுபோல் வேறு அதிகம் கிடையாது.

2016 செப்டம்பர் 12 அன்று எண்ணம் மாறியது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்களிலிருந்து சுமார் 124 கோடி டாலரைத் திரும்ப எடுக்கிறோம், பங்கு ஒன்றுக்கு 15 டாலர் சிறப்பு ஈவுத்தொகை தருகிறோம் என்று சின்டெல் அறிவித்தது. அன்றைய விலையில் எட்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஈவுத்தொகை மொத்தம் 126 கோடி டாலர் அளவு. போதாக்குறைக்கு 50 கோடி டாலருக்கு வங்கிக் கடன் ஏற்பாடும் செய்துகொண்டது. பெரும்பான்மைப் பங்குகள் தொடங்கிய தம்பதியரின் குடும்பத்திடம் இருந்ததால் ஈவுத்தொகையில் பாதிக்கும் மேல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலாண்டுக் கணக்கில் சுமார் 27 கோடி டாலர் வரிச் செலவு ஒரே அடியாக விழுந்தது. ஆண்டு முழுதும் சேர்ந்தே நூறு கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்பனை செய்த நிறுவனம் இது. இடைக்காலக் கணக்கில் வழக்கமான வரியை எழுத ஒரு முறை உண்டு. ஆண்டு முழுமைக்கும் சராசரி வரிவிகிதம் என்னவாக இருக்கும் என்று மதிப்பிட்டு, அதையே ஒவ்வொரு காலாண்டுக்கும் போடுவார்கள். ஒருமுறை மட்டும் நேரும் இப்படிப்பட்ட சம்பவத்துக்கு அந்தச் சராசரி பொருந்தாது. நிகழ்ந்த காலாண்டிலேயே முழுவதும் எழுதவேண்டும். வேலை வழக்கம்போல் நடந்தது, வாடிக்கையாளர்கள் பணம் கட்டினார்கள், ஆனால் காலாண்டு நஷ்டம். இன்னொன்றும் நடந்தது. ஈவுத்தொகை அறிவித்தது செப்டம்பரில், கொடுத்தது அக்டோபர் 3இல். செப்டம்பர் 30 கணக்கில் அது கொடுக்கவேண்டிய கடனாக நின்றது. பங்குதாரர் மூலதனம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. வரிக் குறிப்பைப் பார்க்காமல் இந்த இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்தவர் நிறுவனம் மூழ்குகிறது என்றே நினைத்திருப்பார்.

உண்மையில் அந்த 27 கோடி 2016 செப்டம்பர் காலாண்டின் செலவு அல்ல. அது பல வருட லாபத்தின் வரி. கொஞ்சம் கொஞ்சமாக எழுதியிருந்தால் முந்தைய ஒவ்வொரு காலாண்டின் லாபமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். எழுதாததால் அவை பளபளப்பாக இருந்தன. விதி மீறப்படவில்லை, எதுவும் மறைக்கப்படவுமில்லை. குறிப்பில் எல்லாம் இருந்தது. ஆனாலும் விதியையே நான் குறை சொல்வேன். சம்பாதித்த வருடம் ஒன்று, வரி எழுதும் வருடம் வேறொன்று என்று இருப்பதைத் தவிர்க்கத்தானே ஒத்திவைத்த வரி என்ற கணக்கையே ஏற்படுத்தினார்கள்?

பதினைந்து மாதம் கழித்து, 2017 டிசம்பரில், அமெரிக்கா வரிச்சட்டத்தை மாற்றியது. கம்பெனி வரி 21 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டில் குவிந்த பழைய லாபத்தில் ரொக்கமாக இருப்பதற்கு 15.5 சதவீதம் கட்டினால் போதும் என்றார்கள். சின்டெல் காத்திருந்தால் சுமை இறங்கியிருக்க வாய்ப்புண்டு. 2016 செப்டம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, அதை யார் கண்டார்கள்?

2018 ஜூலையில் பிரான்சின் ஆடோஸ் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 41 டாலர் வீதம் சுமார் 340 கோடி டாலருக்குச் சின்டெலை வாங்குவதாக அறிவித்து, அக்டோபரில் வாங்கி முடித்தது. நாஸ்டாக் பட்டியலிலிருந்து பெயர் போனது, 10-க்யூ தாக்கலும் நின்றது. ஐரோப்பிய விதிப்படி ஆடோஸ் முழு இடைக்காலக் கணக்கை அரையாண்டுக்கு ஒருமுறைதான் தருகிறது. நடுவில் வரும் காலாண்டுகளுக்கு விற்பனை எண் மட்டும். கங்கைகொண்டான் வளாகத்தின் கணக்கு இப்போது யூரோவில், இன்னும் பெரியதொரு மொத்தத்துக்குள் கலந்துவிட்டது. மூலதனமே பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்த நிறுவனத்துக்கு 340 கோடி டாலர் கொடுத்தார்களே, அந்த வித்தியாசத்தை ஆடோஸ் எந்தப் பெயரில் எழுதிக்கொண்டது, 2023இல் 340 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம் காட்டியபோது அந்தப் பெயருக்கு என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)