சங்ககிரியும் பாஸ்டனும்

தோழர்களே! சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போனவர்கள் சங்ககிரி மலையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டையில்தான் 1805 ஜூலை 31-ல் தீரன் சின்னமலையை, அவர் தம்பியரோடு சேர்த்துத் தூக்கிலிட்டான் வெள்ளைக்காரன். ஆடி பதினெட்டு வந்தால் மாலை போடுகிறோம், மேடையில் முழங்குகிறோம். நல்லதுதான். ஆனால் மாலை போட்ட கை ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டாமா? அடக்கப்பட்டவன் ஆயுதம் எடுப்பது எப்போது? எடுத்தவர்களில் சிலர் வென்றதும், சிலர் தூக்குமேடை ஏறியதும் ஏன்?

அமெரிக்காவைப் பாருங்கள். 1765-ல் பத்திரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் முத்திரை வரி விதித்தது லண்டன் பாராளுமன்றம். எங்கள் பிரதிநிதி இல்லாத மன்றம் எங்களுக்கு வரி போடுவதா என்று கேட்டனர் அங்கே குடியேறியிருந்த மக்கள். உடனே துப்பாக்கி தூக்கவில்லை. மனுக் கொடுத்தனர், ஆங்கிலேயச் சரக்கை வாங்க மறுத்தனர். லண்டன் வியாபாரி அலறினான். மறு ஆண்டே வரி ஒழிந்தது.

1767-ல் வேறு பெயரில் வரி வந்தது. 1770-ல் பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். 1773-ல் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். யாருடைய தேயிலை? நம் நாட்டைச் சுரண்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை!

துறைமுகத்தை மூடியது லண்டன், உரிமைகளைப் பறித்தது. 1774-ல் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினர். அப்போதும் மன்னனுக்கு மனுதான் எழுதினர். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் குண்டு வெடித்த பிறகுகூட, ஜூலையில் இன்னொரு மனு! மன்னன் அதை ஏற்க மறுத்து, அவர்களைக் கலகக்காரர் என்று பறைசாற்றினான். அதன் பிறகே 1776 ஜூலை 4 பிரகடனம். முதல் மனுவுக்கும் முதல் குண்டுக்கும் இடையே பத்தாண்டு. கதவைச் சாத்தியவன்தான் கலகத்தைப் பெற்றெடுத்தான்.

1781-ல் யார்க்டவுனில் அவர்களிடம் சரணடைந்த தளபதி கார்ன்வாலிஸ். அங்கே தோற்றவன், பிறகு கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தான்! 1792-ல் திப்புவிடமிருந்து சேலத்தையும் பாராமகாலையும் பறித்தவன் அவனே.

இங்கும் மனு முந்தியது. கட்டபொம்மன் 1798-ல் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க ஊர் ஊராக அலைந்தார். ராமநாதபுரத்தில் பேட்டி கைகலப்பில் முடிந்தது. சென்னைக்கு முறையிட்டார், ஜாக்சன் பதவி இழந்தான். ஆனால் கம்பெனியின் வரிப்பசி தீரவில்லை. மறு ஆண்டே கயத்தாற்றில் தூக்கு. சாதி பேதமின்றித் திரண்டு எழுங்கள் என்று 1801-ல் திருச்சியில் அறிக்கை ஒட்டிய மருதிருவர், அதே ஆண்டு தூக்கு. திப்புவோடு நின்று போரிட்ட சின்னமலை, திப்பு வீழ்ந்த பின்னும் ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்தார், 1805-ல் தூக்கு.

ஆண்டுகளைக் கவனியுங்கள்: 1799, 1801, 1805. வீரம் குறைந்ததா? இல்லை. ஒருவர் விழுந்தபோது மற்றவர் தனியே நின்றார். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனியின் பக்கம் நின்றன. அங்கேயோ, 1772 முதலே ஊருக்கு ஊர் கடிதக் குழுக்கள்; ஓர் ஊரில் விழுந்த அடி மறு ஊருக்கு வலித்தது. பிரான்சின் படையும் கப்பலும் உதவின, உண்மை. உதவியைக் கேட்டு வாங்கவும் ஓர் அமைப்பு வேண்டுமே!

அந்த விடுதலையும் முழு விடுதலை அல்ல. கறுப்பின அடிமைக்கு அதில் பங்கில்லை. மண்ணின் பூர்வகுடிக்கும் இல்லை. யார் விடுதலைக்குப் போராடுகிறோம் என்று கேட்காத அமைப்பின் வெற்றி அரை வெற்றிதான்.

இன்று நமக்கு வாள் தேவையில்லை. ஓட்டும் சங்கமும் இருக்கின்றன. ஆனால் நாமக்கல் லாரிப் பட்டறையில் கூலி கேட்பவனும், சேலத்துத் தறிக்கூடத்தில் போனஸ் கேட்பவனும் தனித்தனியே மனு எழுதினால், அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். பின்னால் ஆயிரம் பேர் நிற்கும் மனுவை எவனும் கிழிக்கத் துணியமாட்டான்.

அடுத்த ஆடி பதினெட்டுக்கு மலையேறும் முன், தோழர்களே, உங்கள் கிளையின் உறுப்பினர் நோட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். சின்னமலைக்கு நாம் செலுத்தும் மரியாதை அங்கே தொடங்கட்டும்!