சிவப்பு மருந்தைப் பிடிக்கும் டி.என்.ஏ.

டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது, குழந்தைகளே. புற்றுநோய்க்குக் கொடுப்பது. நல்ல சிவப்பு நிறம். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து இத்தாலிய விஞ்ஞானிகள் இதைப் பெற்றார்கள். இதை ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஓரிரு நாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்தான்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இந்த மருந்து உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் இதயத் தசை கெட்டுப்போகும். குறைந்தாலோ புற்றுநோய் அடங்காது. உயரத்தையும் எடையையும் பார்த்து டாக்டர்கள் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கு ஒரே அளவு ஏற்றினாலும், இருவர் ரத்தத்திலும் அது ஒரே மாதிரி தங்குவதில்லை. ஒருவருடைய கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றிவிடும், இன்னொருவருடையது மெதுவாக. ரத்தத்தில் இருக்கும் அந்தத் துளியூண்டு மருந்தை உடனுக்குடன் அளக்க முடிந்தால் எவ்வளவு நல்லது!

அதற்குக் கைகொடுக்கிறது டி.என்.ஏ. முறுக்கிவிட்ட ஏணி போன்ற அதன் வடிவத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி வெறும் 0.34 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்! டாக்ஸோரூபிசின் மூலக்கூறு தட்டையானது. இரண்டு படிகளை விலக்கிக்கொண்டு நடுவே நுழைந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் செல்லால் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க முடியாது. புற்றுநோய்ச் செல்லை அது கொல்லும் வழிகளில் இதுவும் ஒன்று.

டி.என்.ஏ.வோடு இப்படி ஒட்டிக்கொள்ளும் மருந்தை டி.என்.ஏ.வை வைத்தே பிடிக்கலாம் அல்லவா? ஆனால் ஏணிப் படிகளுக்கு நடுவே வேறு தட்டையான மூலக்கூறுகளும் நுழையும். எது மருந்து என்று தெரியாமல் போய்விடும். அதனால் விஞ்ஞானிகள் கோடிக்கணக்கான குட்டி டி.என்.ஏ. இழைகளிலிருந்து, தேடும் மூலக்கூறை இறுகப் பிடிக்கும் இழையைச் சலித்து எடுக்கிறார்கள். அதற்கு அப்டமர் என்று பெயர்.

அப்டமரின் ஒரு முனையை, மின்சுற்றில் இணைத்த தங்கத்தில் ஒட்டுகிறார்கள். மறுமுனையில் மெத்திலீன் நீலம். கன்னத்துச் செல்லை நுண்ணோக்கியில் பார்க்கும்போது பள்ளியில் ஒரு சொட்டு விடுவார்களே, அதே சாயம்தான். மருந்து வந்து சேர்ந்ததும் இழை மடங்குகிறது. சாயம் தங்கத்தை நெருங்குகிறது. எலக்ட்ரான்கள் வேகமாகத் தாவுவதால் மின்னோட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்து மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடலாம். மருந்து விலகினால் இழை மறுபடி விரிந்துகொள்ளும். திரும்பத் திரும்ப மடங்கி விரியும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். ஒருமுறை அளந்ததோடு நிற்காமல், தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கலாம்.

2013இல் அமெரிக்காவின் சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், உயிருள்ள எலியின் ரத்தத்தில் இந்த மருந்து ஏறி இறங்குவதை மணிக்கணக்கில் தொடர்ந்து அளந்து காட்டினார்கள். 2017இல் விழித்திருந்து நடமாடும் எலிகளிடமே அளந்தார்கள். மனிதர்களுக்கு வருவதற்குள் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ரத்தத்தில் உள்ள புரதங்கள் தங்கத்தின்மேல் படிந்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் சமிக்ஞை மங்கத் தொடங்குகிறது. புரதம் ஒட்டாத மேற்பூச்சுகளை இப்போது சோதித்துப் பார்த்து வருகிறார்கள்.